மாறும் வீதத்திலிருந்து மொத்தச் செலவு: சராசரியா, சரிவகமா, தொகையிடலா, மீட்டரா?

கொடைக்கானல் மேல்மலையில் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு படிக்கும் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான். மணிக்கு மணி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வீதம் தெரியும், அதிலிருந்து மொத்தம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளுக்கு வீதத்தைச் சார்பாகவே, அதாவது நேரத்தைப் போட்டால் வீதம் வரும் சூத்திரமாகவே, எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், தொகையிட்டால், அதாவது அந்த வளைவுக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டால், வேலை முடிந்தது. காட்டேஜ்காரருக்கு அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. அவரிடம் இருப்பது ஒரு வாளி, ஒரு செல்போன், சரிவில் கறுப்பு ஓஸ் வழியாக இறங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், அப்புறம் ஏப்ரலில் எத்தனை லோடு லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவரும் என்ற கவலை.

இதற்கு வழிகள் பல இருக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். நான் தண்ணீரை வைத்தே சொல்கிறேன். மின்சாரம், சிலிண்டர், டீசல் எல்லாவற்றுக்கும் இதே யோசனைதான்.

## முதலில் எதை எதைப் பார்க்க வேண்டும்

வீதம் எப்படி மாறுகிறது என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊற்று வற்றுவது போல மெதுவாக, ஒரே போக்கில் குறைகிறதா? விருந்தாளிகள் குளிக்கும் நேரத்தில் குபீரென்று ஏறி இறங்குகிறதா? கீசர் மாதிரி ஓடும் அல்லது நிற்கும் என்ற ரகமா?

அடுத்தது, நடந்து முடிந்ததைக் கூட்டுகிறீர்களா, இனி வரப்போவதைக் கணிக்கிறீர்களா என்பது. நேற்று எவ்வளவு செலவாயிற்று என்பதும், மார்ச் கடைசி வரை ஊற்று எவ்வளவு தரும் என்பதும் வேறு வேறு வேலைகள்.

மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை மொத்தம் மட்டும்தானா, அல்லது எந்த நேரத்தில் எவ்வளவு என்பதும் வேண்டுமா? டேங்க் எவ்வளவு பெரிதாக வாங்குவது என்ற கேள்விக்கு ஒரு நாள் மொத்தம் மட்டும் தெரிந்து பயனில்லை. கடைசியாக, அளவெடுக்கப்போவது யார்? ஜனவரி உறைபனியில் காலை 5 மணிக்கு எழுந்து வாளி பிடிக்க ஆள் இருந்தால்தான் மணிக்கொரு அளவு என்ற பேச்சே.

## ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள்

கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் இடத்து எண்கள் வேறாக இருக்கும்.

முதல் கணக்கு காலைச் செலவு. விருந்தாளிகள் நிறைந்த ஒரு காட்டேஜில் மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று காலை 5 மணி முதல் 11 மணி வரை எடுத்த ஏழு அளவுகள்: 100, 300, 900, 1,100, 600, 300, 200.

இரண்டாவது ஊற்று வரத்து. ஓஸ் முனையில் 20 லிட்டர் வாளியை வைத்து செல்போனில் நேரம் பார்க்கிறோம். ஜனவரி முதல் தேதி வாளி நிறைய 100 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். 60 நாள் கழித்து 200 விநாடி, 6 லிட்டர். 120 நாள் கழித்து 400 விநாடி, 3 லிட்டர். வீதத்தை நாளுக்கு மாற்றாமல் நாட்களால் பெருக்கிவிடக் கூடாது, இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், ஆகவே நாளுக்கு 17,280, 8,640, 4,320 லிட்டர்.

| முறை | காலைச் செலவு (லிட்டர்) | ஊற்று, 120 நாள் (லிட்டர்) |
|---|---|---|
| முதல், கடைசி அளவுகளின் சராசரி × காலம் | 900 | 12,96,000 |
| எல்லா அளவுகளின் சராசரி × காலம் | 3,000 | 12,09,600 |
| சரிவக விதி | 3,350 | 11,66,400 |
| சிம்ப்சன் விதி | 3,367 | 11,23,200 |
| சார்பு பொருத்தித் தொகையிடல் | 3,440 (ஆறாம் படிப் பல்லுறுப்புக்கோவை) | 11,21,840 (அடுக்குக்குறி) |

காலைச் செலவுப் பத்தியைப் பாருங்கள். ஒரே காலை, ஒரே அளவுகள், ஆனால் விடை 900-இலிருந்து 3,440 வரை போகிறது.

## சராசரி × நேரம்

எல்லோர் கையும் முதலில் இதற்குத்தான் போகும். வீதம் நேர்கோட்டில் ஏறினாலோ இறங்கினாலோ முதல், கடைசி அளவுகளின் சராசரி துல்லியமான விடையையே தரும், தோராயம் என்று தயங்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நேர்ச்சுவர் உள்ள தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் குறையக் குறைய வெளியேறும் வேகமும் குறையும். இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிப்படி, வெளியேறும் வீதம் நேரத்தோடு நேர்கோட்டில் இறங்கும். திறந்ததும் நிமிடத்துக்கு 20 லிட்டர், இரண்டு மணி நேரத்தில் தொட்டி காலி என்றால், 10 × 120 = 1,200 லிட்டர். தொகையிட்டாலும் அதேதான் வரும்.

நடுவில் உச்சம் இருக்கும் இடத்தில் இந்த முறை கவிழ்ந்துவிடும். காலை 5 மணிக்கும் 11 மணிக்கும் மட்டும் பார்த்தவருக்கு 8 மணிக் குளியல் கண்ணில் படவே இல்லை, அதனால்தான் 900. எல்லா அளவுகளையும் கூட்டி ஏழால் வகுத்தாலும் முழுதாகச் சரியாகாது, ஏனென்றால் ஏழு அளவுகளுக்கு நடுவில் இருப்பது ஆறு மணி நேரம். ஓரத்து அளவுகள் இரண்டுக்கும் பாதி எடைதான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால் அதுவே சரிவக விதி.

## சரிவக விதி

அடுத்தடுத்த இரண்டு அளவுகளைச் சராசரி எடுத்து இடைவெளியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவதுதான் இது. பள்ளியில் படித்த சரிவகத்தின் பரப்பு, அவ்வளவுதான். இடைவெளி சமமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. 7 மணி அளவை 7.20-க்கு எடுத்தாலும் அந்தத் துண்டை 80 நிமிடம் என்று போட்டுக்கொள்ளலாம். ஆட்கள் கையால் எடுக்கும் அளவுகளுக்கு இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதன் மறைமுகச் செலவு, அளவுகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று இதற்குத் தெரியாது என்பது. மேலே உள்ள அதே காலையில் 5, 7, 9, 11 மணிக்கு மட்டும் எடுத்திருந்தால் 3,300 வரும், பரவாயில்லை. 5, 8, 11 மணிக்கு மட்டும் என்றால் உச்சத்தில் சரியாகப் போய் விழுந்து 3,750 ஆகிவிடும். ஆகவே நேரத்தைச் சமமாகப் பிரிப்பதைவிட, பரபரப்பான நேரத்தில் நெருக்கமாகவும் மற்ற நேரத்தில் தள்ளியும் அளவெடுப்பது நல்லது. பிற்பகல் முழுக்க இரண்டே அளவு போதும். காலை 6 முதல் 9 வரை அரைமணிக்கொரு அளவு வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஊற்று மாதிரி, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும் வளைவில் சரிவகம் எப்போதும் கூடுதலாகவே காட்டும். வளைவு கீழே தொய்ந்து கிடக்க, நம் நேர்கோடு அதன் மேலே போகிறது. நமக்கு இருப்பதைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாகச் சொல்லும் பிழை இது, ஆகவே கூட்டிக் காட்டுவது, குறைத்துக் காட்டுவது இரண்டில் இதுதான் ஆபத்தான பிழை.

## சிம்ப்சன் விதி

மூன்று புள்ளிகள் வழியாக நேர்கோட்டுக்குப் பதில் பரவளையம் வரைவது. ஓரங்களுக்கு 1, நடுவில் 4, 2, 4 என்று மாறி மாறி எடை கொடுத்து, இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். பெயர் 18-ஆம் நூற்றாண்டு சிம்ப்சனுடையது என்றாலும், ஒயின் பீப்பாயின் கொள்ளளவைக் கணக்கிட கெப்ளர் 1615-இலேயே இதன் மூலவடிவத்தை எழுதிவிட்டார். ஜெர்மன்காரர்கள் இன்றும் இதைக் கெப்ளரின் பீப்பாய் விதி என்றுதான் சொல்கிறார்கள். பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்ற வியாபாரக் கேள்வியிலிருந்து வந்தது என்பதால் எனக்கு இந்த விதி மேல் தனிப் பிரியம் உண்டு.

ஊற்றுக் கணக்கில் இதன் பலம் தெரிகிறது. மூன்றே அளவுகளை வைத்து 11,23,200. உண்மையான அடுக்குக்குறி வளைவுக்கும் (சமமான காலத்தில் சமமான பங்கு குறையும் வளைவு, கீழே வருகிறது) இதற்கும் 1,360 லிட்டர்தான் வித்தியாசம். சரிவகத்தில் அதே வித்தியாசம் 44,560.

ஆனால் காலைச் செலவில் சரிவகத்துக்கும் சிம்ப்சனுக்கும் உள்ள வித்தியாசம் 17 லிட்டர், ஒரு வாளிகூட இல்லை. ஒருவர் குளித்து முடிக்கும் நேரத்தைப் பொறுத்து அளவே அதைவிட அதிகமாக மாறும். அந்த இடத்தில் சிம்ப்சனுக்காக மெனக்கெடுவதில் பலன் கிடையாது. இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும், அவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. ஒரு நாள் 8 மணி அளவு தவறிப்போனால் முழு வரிசையும் கெட்டுவிடும்.

## சார்பு பொருத்தித் தொகையிடல்

பாடப்புத்தகம் சொல்லித்தரும் வழி இது. இயற்கையே ஒரு வடிவம் கொடுத்திருக்கும் இடத்தில் இதற்கு ஈடு கிடையாது. வடிவம் இல்லாத இடத்தில் இதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை.

மழை நின்ற பிறகு ஊற்று வற்றும் விதம் பெரும்பாலும் அடுக்குக்குறிச் சார்பைப் பின்பற்றும் என்பது நீரியலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தது, மாயே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் எழுதியது. நிலத்துக்குள் எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் வெளியே வரும், அதனால் சமமான காலங்களில் சமமான பங்கு குறையும். நம் வாளிக் கணக்கில் 100, 200, 400 விநாடி என்று 60 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பது அதன் அடையாளம்.

வடிவம் தெரிந்துவிட்டால் தொகையிடல் மிக எளிது. 2-இன் இயல் மடக்கையான 0.693-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு நாளைய குறைவு விகிதம் 0.01155. அடுக்குக்குறிச் சார்பின் தொகையீடு, (தொடக்க வீதம் − கடைசி வீதம்) ÷ குறைவு விகிதம். 17,280-இலிருந்து 4,320-ஐக் கழித்து வகுத்தால் சுமார் 11.22 லட்சம் லிட்டர். முதல், கடைசி அளவுகளின் சராசரியை நம்பியவர் 1.74 லட்சம் லிட்டர் கூடுதலாக எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார். 6,000 லிட்டர் லாரியில் அது 29 லோடு.

இந்த முறையின் உண்மையான லாபம் மொத்தத்தில்கூட இல்லை. நாளுக்கு 6,000 லிட்டர் செலவாகும் காட்டேஜ் என்று வைத்துக்கொள்வோம். 120 நாளுக்கு 7.2 லட்சம், ஊற்று தருவது 11.22 லட்சம், தாராளம் என்று தோன்றும். ஆனால் ஜனவரியில் வழிந்தோடிய தண்ணீரை ஏப்ரல் வரை பிடித்துவைக்க இடம் கிடையாது. ஊற்றின் வரத்து 6,000-க்குக் கீழே போவது சுமார் 91-ஆம் நாள், ஏப்ரல் தொடக்கம், சரியாகச் சீசன் ஆரம்பிக்கும்போது. அன்றிலிருந்து 120-ஆம் நாள் வரை தேவை சுமார் 1,70,600, வரத்து சுமார் 1,45,400, பற்றாக்குறை 25,000 லிட்டருக்கு மேல். நாலு லோடு போதாது, ஐந்து வேண்டும். நேர்கோடு போட்டவருக்கு 104-ஆம் நாளில்தான் தட்டுப்பாடு ஆரம்பிக்கும், அதுவும் சுமார் 13,000 லிட்டர் என்று வரும். அவர் லாரிக்காரரிடம் சொல்லிவைப்பதற்குள் சீசன் விலை ஏறியிருக்கும்.

மறைமுகச் செலவுகளையும் பாருங்கள். இரண்டு அளவை வைத்து எந்த வளைவையும் பொருத்திவிடலாம், மூன்றாவது அளவுதான் சோதனை. மூன்றாவது அளவு 400 விநாடிக்குப் பதில் 300 என்று வந்தால், வளைவு நாம் நினைத்தது இல்லை என்று அர்த்தம். அளவே பொய் சொல்லவும் வாய்ப்புண்டு. ஓஸில் காற்று அடைத்திருந்தாலோ, வாய்ப்பகுதியில் சருகு ஒட்டியிருந்தாலோ நீங்கள் அளப்பது ஊற்றை இல்லை, அடைப்பை. மேலே பிடிதொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தால் அளப்பது ஓஸ் தாங்கும் அளவை. வாளி வைப்பதற்கு முன் மேலே ஏறிப்போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

காலைச் செலவுக்கு வருவோம். எக்செல்லில் போக்குக்கோடு போடும்போது ஆறாம் படி பல்லுறுப்புக்கோவை வரை கிடைக்கும். ஏழு அளவுகள் வழியாகவும் கோடு அச்சாகப் போகும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 10 மணிக்கு 300, 11 மணிக்கு 200 என்று இறங்கும் இடத்தில், அந்தக் கோடு 10.30-க்கு 375 என்று ஏறி நிற்கிறது. யாரும் குளிக்காத குளியல் அது. கோட்டை நண்பகல் 12 மணிக்கு நீட்டினால் மணிக்கு −5,500 லிட்டர் என்கிறது. சமஇடைவெளிப் புள்ளிகளில் உயர்படிக் கோவைகள் ஓரத்தில் இப்படி ஆடும் என்று ஜெர்மன் கணித அறிஞர் ரூங்கே 1901-லேயே காட்டிவிட்டார். மனிதர்கள் குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் சமன்பாடு கிடையாது, தேடாதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு: கேள்வியில் சார்பு கொடுத்திருந்தால் யோசிக்காமல் வரையறுத்த தொகையீடு. வீதத்தின் அலகும் எல்லைகளின் அலகும் ஒன்றா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

## மீட்டர்

மீட்டர் என்பது தொகையிட்டுக்கொண்டே இருக்கும் கருவி. வீதம் எப்படிக் குதித்தாலும் அது கூட்டிக்கொண்டே போகும். காலையில் ஒரு அளவு, மறுநாள் காலையில் ஒரு அளவு, கழித்தால் மொத்தம். தொகையீட்டுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை போட்டுக் கழிக்கிறோமே, அதே கழித்தல்தான். நடந்து முடிந்த செலவின் மொத்தம் மட்டும் போதும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் மீட்டர் மாட்டுங்கள். தண்ணீர் மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்; சிவப்பு எண்கள் அதற்குக் கீழ்.

மீட்டர் இல்லையென்றால் தொட்டியே மீட்டர். உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, ஒரு குச்சியை விட்டு மட்டத்தைப் பாருங்கள். உள்விட்டம் 1.1 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 9.5 லிட்டர்.

இதிலும் செலவுகள் மறைந்திருக்கின்றன. விட்டுவிட்டு வரும் குழாயில் மீட்டரை மாட்டினால், தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றும் அதைச் சுற்றிவிடும், படிக்கிற எண் கூடிவிடும். எப்போதும் நிறைந்திருக்கும் தொட்டியின் வெளிக்குழாயில் மாட்டுவது நல்லது. நூல் மாதிரி ஒழுகும் கழிப்பறைத் தொட்டியை மீட்டர் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் பல மீட்டர்கள் சுழலாது. ஊற்றுத் தண்ணீரில் வரும் மண் அடைக்காமல் இருக்க வடிகட்டி வேண்டும், அதை அவ்வப்போது கழற்றிக் கழுவவும் வேண்டும்.

எப்போது என்பதை மீட்டர் சொல்லாது. டேங்க் வாங்கும்போது இது இடிக்கும். ஊற்று நிமிடத்துக்கு 6 லிட்டர், மணிக்கு 360 தருகிறது என்போம். காலைச் செலவு அதைத் தாண்டுவது 6.06-லிருந்து 9.48 வரை. அந்த நேரத்தில் செலவுக் கோட்டுக்கும் வரத்துக் கோட்டுக்கும் நடுவில் உள்ள பரப்பைச் சரிவகத்தில் கூட்டினால் 243 + 640 + 490 + 96 = 1,469 லிட்டர். அவ்வளவும் 6 மணிக்கே தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும். 1,000 லிட்டர் டேங்க் போதாது, 2,000 வாங்குவதுதான் சரி. இந்த விடை நாள் மொத்தத்திலிருந்து எந்த வகையிலும் வராது, மணிவாரி அளவுகள் இருந்தே ஆக வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை. 2 கிலோவாட் கீசர் ஓடும்போது 2, நின்றால் 0. வளைவே கிடையாது, ஓடிய மணி நேரத்தை 2-ஆல் பெருக்கினால் யூனிட். சிலிண்டரை எடை போட்டுப் பார்த்தாலே போதும், வீட்டுச் சிலிண்டர் என்றால் நிறைந்திருக்கும்போது உள்ளே 14.2 கிலோ, மிச்சத்தைக் கழித்தால் செலவு.

## எனக்கு எது

கையால் அளவெடுக்கும் இடத்தில் சரிவகம். போன வாரச் செலவுக்கு மீட்டர். டேங்க் அளவுக்கு இரண்டு மூன்று காலைகள் மட்டும் மணிவாரி அளவெடுத்துச் சரிவகம், அதுவும் அறைகள் நிறைந்திருக்கும் சனி, ஞாயிறுகளில். ஊற்றைக் கணிக்க மட்டும் அடுக்குக்குறிச் சார்பு.

மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டி என்று எந்தப் பக்கம் இருந்தாலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வாரம் பத்து நாள் கழித்து முதல் வாளியை வையுங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தேதியையும் விநாடியையும் சமையலறைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். நடுவில் ஒரு நல்ல மழை பெய்து விநாடிகள் குறைந்துவிட்டால் பழைய வளைவை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். மழை ஓய்ந்து வரத்து திரும்பவும் குறையத் தொடங்கியதும் எடுக்கும் அளவை முதல் அளவாக வைத்துப் புதுக் கணக்கு ஆரம்பியுங்கள்.